டல் லைட்டு

மமதாவுக்கு அந்த டார்ச்சைக் கண்டாலே எரிச்சல். அதை வாங்கிவந்த புருஷன் பிரதாப் மேல் அதைவிட எரிச்சல். பின்னே, வீட்டுக்குள்ளே ஹேர்பின் தேடறதுக்கு எவனாவது ஊருக்கே வெளிச்சம் அடிக்கிற டார்ச்சை வாங்குவானா?

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டின ஊரிகத்து லைன் வீடு, ஒரே அறை. வேலைக்குப் போக பெங்களூர் ரயிலைப் பிடிக்க விடியறதுக்கு முன்னாடியே அவள் கிளம்பணும். டியூப்லைட் போட்டால் மாமனார் தாமோதரன் எழுந்துடுவார். எழுந்தால் சும்மா இருப்பாரா? அவர் வேலை பார்த்த சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாச்சு. மறதி வந்ததிலிருந்து அவருக்கு மட்டும் அது மறுபடி திறந்துடுச்சு. முகத்தில் பளிச்சென்று வெளிச்சம் பட்டால் போதும், "ஐயோ, ஷிஃப்டுக்கு நேரமாச்சு, கேஜ் போயிடும்!" என்று, சுரங்கத்துக்குள் இறக்கிவிடும் லிஃப்டைப் பிடிக்க வெளியே ஓடுவார்.

போன வாரம் டார்ச்சுக்குத் துணி சுற்றிப் பார்த்தாள். பாழாய்ப்போன துணி நழுவி, வெளிச்சம் நேராக அவர் கண்ணில் அடித்தது. ஓடின மனுஷன் வாசப்படி தடுக்கி விழுந்து நெற்றியில் தையல்.

"நான் வேலையை விட்டுடறேன்," என்றாள் மமதா. இப்பத்தான் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். விட மனசு வருமா?

"இன்னா நீ, அவசரப்படறியே! வெளிச்சத்தைக் கொறைச்சுத் தரேன், இரு," என்றான் பிரதாப். மொபைல் ரிப்பேர் பண்ணுகிறவன். டார்ச்சைப் பிரித்து, பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரை வைத்து ஈயத்தால் பற்றவைத்தான். கரண்டு குறைஞ்சா லைட்டு டல்லாகும், அவ்வளவுதான் விஷயம். பக்கத்தில் ஒரு குட்டி சுவிட்சும் வைத்தான். ஒரு பக்கம் தள்ளினால் பழைய வெளிச்சம், இன்னொரு பக்கம் தள்ளினால் டல்.

போட்டுப் பார்த்தால் பல்பு எரியுதா இல்லையா என்றே தெரியவில்லை. ரெசிஸ்டர் எவ்வளவு கரண்டைத் தடுக்கும் என்று அதன் மேல் இருக்கும் கலர் கோடுதான் சொல்லும்; பழுப்புக் கோடு என்று நினைத்து, ரொம்ப அதிகமாய்த் தடுக்கும் ஆரஞ்சுக் கோடு போட்டதை எடுத்திருக்கிறான், மகராசன்.

"இதை வெச்சிக்கினு என் மூக்கைக்கூடப் பாக்க முடியாது!" என்றாள். வேறொன்றை மாற்றினான். இந்தத் தடவை மெல்லிசாக, மஞ்சள் பூசின மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

மறுநாள் விடியக்காலையில் அந்த வெளிச்சத்திலேயே புடவை கட்டினாள், டிபன் பாக்ஸை மூடினாள். பையை எடுக்கத் திரும்பியவளுக்குப் பகீரென்றது. கிழவர் கண்ணைத் திறந்து டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சுடா! கதவை மறித்து நின்றுகொண்டாள்.

"லேம்ப் டல்லாயிடுச்சேம்மா," என்றார் அவர்.

"ஆமா மாமா," என்றாள், கதவை விட்டு நகராமல்.

"காலையில சுரங்கத்துல எறங்கறதுக்கு முன்னாடி லேம்ப் ரூம்ல குடுக்கும்போது பளபளன்னு இருக்கும். பேட்டரி எறங்கி டல்லாச்சுன்னா ஷிஃப்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம்." தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "எல்லாரும் மேல வந்துட்டாங்களா?"

மமதாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வந்துட்டாங்க மாமா. ஒருத்தர் பாக்கியில்ல."

"அப்பாடா," என்று போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். அவள் செருப்பு மாட்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.