ஒட்டுக்குப் பின்னால்

பில்து படகைக் கரையேற்றியபோது விரிசல் விரல் நீளம்தான் இருந்தது. முப்பது வருடப் பழைய ஃபைபர் படகு. வாண்டோ தீவுப் பக்கம் அவரும் மனைவி மல்லேயும் மட்டுமே அதில் போய் வலை போட்டு வந்தார்கள். பிள்ளைகள் இல்லை, கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டதும் இல்லை.

கிரைண்டரால் மேல்பூச்சைச் சீவியதும் விரிசல் முழ நீளமாயிற்று. இன்னும் சீவினார், எஞ்சினுக்கு அடியில் போய் நின்றது. உள்ளே அடிப்பாகத்தைத் தாங்கும் கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். குழைந்த சோறு மாதிரி கையோடு வந்தது.

துறையில் கிரேன் ஓட்டும் பொங்சில் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது விரிசல் இல்ல. படகே முடிஞ்சுபோச்சு. விட்டுடுங்க."

"உன்கிட்ட கேட்டனா?" என்றார் பில்து.

ஒரு மாதம் மல்லுக்கட்டினார். அழுகலைச் சுரண்டிப் புதுக் கட்டை வைத்து, கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினார். மல்லே பிசின் கலந்து கொடுத்தாள். இழைத் தூள் கழுத்தில் ஏறி, சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அரித்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன்மேல் உள்ள நம்பிக்கை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தண்ணீரில் இறக்கிய மூன்றாம் நாள் அலை சற்றுப் பெருத்திருந்தது. வலை இழுக்கையில் காலடியில் படீரென்று ஒரு சத்தம். ஒட்டு அசையவில்லை; கல்லாக நின்றது. அது முடிந்த இடத்தில்தான், அலைக்கு வளைந்து கொடுத்தே பழகிய படகின் பழைய ஓடு குறுக்கே பிளந்திருந்தது.

வலையை அறுத்துவிட்டுத் திரும்பினார்கள். வழி நெடுக மல்லே தண்ணீரை இறைத்தாள். துறையை அடைந்தபோது வாளியின் கம்பி அறுத்து அவள் உள்ளங்கையெல்லாம் ரத்தம்.

"சரியாத்தான் ஒட்டினேன்," என்றார்.

"சரியாத்தான் ஒட்டினீங்க. ஆனா அது தேறாதுன்னு கட்டையைப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரியும். இதை விட்டா உங்களுக்கு வேற என்ன இருக்குன்னுதான் பேசாம இருந்தேன்." கையைத் துணியால் சுற்றிக்கொண்டாள். "இனிமே நான் ஏற மாட்டேன்."

மறுவாரம் பொங்சில் படகைத் துண்டு துண்டாக அறுத்தான். ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் இரண்டு பிளேடு தேய்ந்தது.

"ரொம்பக் கெட்டியா ஒட்டியிருக்கீங்க, அண்ணே," என்றான். மனசாரத்தான் சொன்னான். பில்துவால் அங்கே நிற்க முடியவில்லை.

மல்லே கடற்பாசி காயவைக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர் வழக்கம்போல விடியுமுன் எழுந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிடுவார். அவள் சூப்பைச் சூடாக்கி முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேலைக்குக் கிளம்புவாள்.