ஆற்றில் வளர்ந்தவனின் கடைசித் தேர்வு

ஹட்சன் ஆற்றுப் பயணிகள் படகில் கயிறு கட்டும் வேலை எனக்கு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கான பிரிவில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. "ஆறுதான் என்னை வளர்த்தது" என்று விண்ணப்பக் கட்டுரையில் உருகியிருந்தேன்.

நேற்று மாலை கடைசித் தேர்வு. நீச்சல்குளத்தை நீந்திக் கடந்தால்தான் இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம். எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் புத்தகங்களை அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். தண்ணீரில் மட்டும் இறங்கிப் பார்க்கவில்லை.

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்கலாமா, கோச்?"

பயிற்சியாளர் இங்க்ரிட் சிரித்தார். "படகுல வேலை பாக்குற ஆளு கேக்குற கேள்வியா இது? குதிப்பா!"

குதித்தேன். நீளக் கம்பை நீட்டி என்னை இழுத்தெடுத்தார்கள். மே மாதப் பட்டம் டிசம்பருக்குத் தள்ளிப்போனது.

இன்று படகில் கேப்டன் ரூர்க் கேட்டார்: "ஏன்டா, எதுல கோட்டை விட்ட?"

"கணக்குல, கேப்டன்."

கணக்கு வராதவனை அவர் வேலையை விட்டுத் தூக்கமாட்டார் அல்லவா?