மூன்றாவது ஆல்பத்தில் ஒரு குரல்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி 'இடிதாங்கி' குழுவின் பாட்டு அவனுக்குக் கேட்டாக வேண்டும். அதனால் கடையில் வைத்த பெயர் வால்யூம். கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த ராக் குழு வெளியிட்டது நான்கே ஆல்பம். நான்கையும் கரைத்துக் குடித்திருந்தான். முதல் ஆல்பம் 'ஈரக் கம்பி' சுதி சேராத கிடாரோடு பதிவானது. அதுதான் அதன் அழகு என்பான். இரண்டாவது 'மாடிப்படி', பெயருக்கேற்றபடி பாதியிலேயே மூச்சு வாங்கும். டிரம்மர் சண்டை போட்டுக்கொண்டு விலகியபின் வந்த நான்காவதை அவன் ஆல்பம் என்றே சொல்லமாட்டான், பிரேதப் பரிசோதனை என்பான். உயிர் மூன்றாவதில்தான் இருந்தது. 'மிச்சம்' என்ற அந்த ஆல்பத்தில் 'தந்தி' என்றொரு பாட்டு. தொலைபேசியில் ஒரு பெண், "நா... நா... நா... நாளைக்கு வர்றேன்" என்று திக்குவாள். உடனே டிரம்ஸ் இடிக்கும், மொத்தக் குழுவும் "நா நா நா" என்று பாடும். வால்யூம் பல் தேய்க்கும்போதுகூட அதைத்தான் முணுமுணுப்பான்.

அவன் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி போட்டதே தெரியாது என்பார்கள். அதிகம் பேசமாட்டாள், ஒரு வார்த்தை சொல்லுமுன் அதை வாய்க்குள் புரட்டிப் பார்ப்பதுபோல் சற்று நிற்பாள். கூச்சம் என்று நினைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் சாப்பிட வந்திருந்தார். வழக்கம்போல 'தந்தி' ஓடியது. அவர் எழுந்துபோய் ஸ்பீக்கரின் வயரையே பிடுங்கினார்.

"மாப்ள, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? அவள உக்கார வச்சுக்கிட்டே அவளக் கிண்டல் பண்ற பாட்டப் போடுறீங்க?"

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"அது இவ குரல்! அந்தப் பாடகன் எங்க பக்கத்து வீட்டுக்காரன். ஃபோன்ல இவ பேசினதப் பதிவு பண்ணி, ஒரு வார்த்தை கேக்காம பாட்டுல சேத்துட்டான். காலேஜ் முழுக்க இவளப் பாத்து நா நா நான்னு கத்தினாங்க. படிப்பையே விட்டுட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

அவள் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. வால்யூமுக்கு மயிர் கூச்செறிந்தது.

"நீயா அது? நிஜமாவா? இத்தன வருஷமா என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கியே!"

"என்னைக்காவது ஒரு நாள் நீங்களா கண்டுபிடிச்சு நிறுத்துவீங்கன்னு இருந்தேன்" என்றாள் அவள்.

அவன் காதில் 'கண்டுபிடிச்சு' வரைதான் விழுந்தது. வெளியே மூச்சுவிடக்கூடாது என்று அண்ணன் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

அடுத்த மாதம் ரசிகர் மன்றம் ஒரு பேட்டரிக் கடையின் மாடி ஹாலில் கூடியது. நான்கு ஆல்பங்களையும் திரும்பிப் பார்க்கும் கூட்டம்; பேச்சாளன் வால்யூம். "சும்மா பின்னாடி உக்காந்திரு" என்று மனைவியையும் இழுத்து வந்திருந்தான். 'ஈரக் கம்பி'க்குக் கைதட்டல் கிடைத்தது. 'மாடிப்படி'யில் கொட்டாவி தொடங்கியது. பேராசிரியர் என்ற பட்டப்பெயர் கொண்ட வங்கிக் காசாளர் எழுந்து, அவன் சொன்ன தகவல் ஒன்று தப்பு என்று நிரூபித்து உட்கார்ந்தார். ஹால் சிரித்தது. வால்யூமின் காது சிவந்தது.

"எல்லாம் தெரிஞ்சவருதானே? 'தந்தி'ல திக்குற பொண்ணு யாரு, சொல்லுங்க பாப்போம்."

"அது யாருக்குமே தெரியாதே."

"எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி. அதோ!"

அத்தனை தலைகளும் திரும்பின. அவள் கதவைப் பார்த்தாள். வழி முழுக்க நாற்காலிகள். யாரோ பாட்டைப் போட்டார்கள். மொத்த ஹாலும் அவளைப் பார்த்து "நா நா நா" என்று பாடியது. எல்லா முகத்திலும் அன்பு பொங்கி வழிந்தது. மைக்கை அவள் கையில் திணித்தார்கள்.

"எ... எ... என்ன வி... வி..."

விட்டுடுங்க என்று சொல்ல வந்தாள். அதற்குள் விசில் காதைப் பிளந்தது. "அதே குரல்டா!" செல்போன்கள் உயர்ந்தன. வால்யூம் ஆனந்தத்தில் அழுதுகொண்டிருந்தான்.

அந்த வீடியோ எங்கெங்கோ போனது. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "நா நா நா மேடம்தானே?" என்றார்கள். முதல் முறையாக அவள் ஊசி நரம்பைத் தவறவிட்டது. முதலாளி அவளைப் பின்னறைக்கு, குழாய்களில் பெயர் ஒட்டும் வேலைக்கு அனுப்பினார்.

பாடகனிடம் ஒரு பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டார்கள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்தக் குரலா? நானே மூக்கப் பிடிச்சுக்கிட்டுப் பேசினது. அந்தம்மா யாருன்னே தெரியாது. ரசிகருங்க பொண்டாட்டிய வச்சுக்கூட வித்தை காட்டுவாங்க போல."

மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் பேராசிரியர் இரண்டே வார்த்தை போட்டார்: "வால்யூம் குறைந்தது."

அன்று மதியமே வால்யூம் வீட்டுக்கு ஓடிவந்து செல்போனை அவள் முன்னால் வைத்தான்.

"ஒரே ஒரு தடவ சொல்லு. பாட்டையும் இதையும் சேத்துப் போட்டுக் காட்டுனா அவன் வாய அடைச்சிடலாம்."

"என்ன சொல்லணும்?"

"நாளைக்கு வர்றேன்னு."

"நாளைக்கு வர்றேன்" என்றாள், தண்ணீர் ஊற்றியதுபோல் தடங்கலே இல்லாமல்.

"இப்படி இல்ல. பழைய மாதிரி."

"நாளைக்கு வர்றேன்."

"திக்கிச் சொல்லுடி!"

"வரலீங்க."

"அன்னைக்கு ஹால்ல மட்டும் வந்துச்சே?"

"அன்னைக்கு பயமா இருந்துச்சு. இங்க யாரு இருக்கா, பயப்படறதுக்கு?"

கத்தினான், கெஞ்சினான், முட்டிபோட்டு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான். கேட்ட போதெல்லாம் சலிக்காமல் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தெளிவாக வந்தது.

சனிக்கிழமை பேராசிரியரே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வால்யூம் பரபரத்து நாற்காலிகளை இழுத்துப் போட்டான். பேராசிரியர் உட்காரவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. நேராவே கேட்டுடறேன். அந்தப் பாட்டுல இருக்கறது உங்க குரலா?"

வால்யூம் அவள் முகத்தையே பார்த்தான். அவன் கைகள் இரண்டும் கூப்பியிருந்தன. அவனுக்கே அது தெரிந்திருக்காது.

"இல்லீங்க" என்றாள் அவள், எந்த வார்த்தையிலும் நிற்காமல். "இவருதான் அப்படித் திக்கச் சொல்லிக் கொடுத்தாரு. நான் வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

வந்தவர்கள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

"அவங்க குடிக்கத் தண்ணிகூடக் கேக்கல பாருங்க" என்றபடி அவள் கதவைச் சாத்தினாள்.