குண்டு செய்தவர் வீடு

அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் மூன்று பேர் கும்பிட்டிருக்கிறார்கள். "என்னடி இது, எலெக்ஷன்ல ஜெயிச்சவன கும்புடுற மாதிரி?" என்று பெட்டியை இறக்கியபடியே கேட்டான். தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

ராஜஸ்தானில் அணுகுண்டு வெடித்த மாதம் அது. ஆபீஸ் பியூனான நைனாவிடம், முப்பது தாண்டியும் பிள்ளை பம்பாயில் என்னதான் செய்கிறான் என்று கேட்காதவர்கள் இல்லை. நைனாவுக்கும் தெரியாது. காசியின் டீக்கடையில் ரேடியோ செய்தி முடிந்ததும், "எங்க பலராமனும் அதுலதான் கீறான்" என்று சொல்லிவிட்டார். மறுநாளே ஆபீஸில் ஸ்டூலை எடுத்துவிட்டு அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

அண்ணன் செய்தது வேறு. எட்டாவதோடு நின்ற எனக்கு ஒருமுறை சொன்னான். "மலை, நட்சத்திரம் மாதிரி பெருசுக்கெல்லாம் ஒரு கணக்கு. அணுவுக்குள்ள வேற கணக்கு. ரெண்டும் ஒத்து வரல. ஒத்து வர வெக்கப் பாக்கறேன்."

"வரலன்னா?"

"வேலை கெடைக்காது" என்று சிரித்தான்.

அப்படியே ஆகிவிட்டது. சோதித்துப் பார்க்க வழியே இல்லாத ஆராய்ச்சிக்கு இனி உதவித்தொகை கிடையாதாம். உள்ளூர்க் கல்லூரியில் ஓர் இடம் காலி என்று கேள்விப்பட்டு, பிரின்சிபாலிடம் கேட்கத்தான் வந்திருந்தான். சாப்பிடும்போது நைனாவிடம் அதைச் சொன்னான். நைனா இலையைப் பார்த்தபடி, மோர் ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் பிரின்சிபால் கோதண்டராமனே வந்தார். அவர் பின்னால் தெருவே வந்தது. காசி சால்வையைப் போர்த்திவிட்டுக் கேட்டான்: "குண்டு வெடிக்கசொல்ல நீங்க எவ்ளோ தூரத்துல இருந்தீங்க?"

அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. நைனாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் கையிலிருந்த தட்டில் டம்ளர்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க" என்றான் அண்ணன்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

கோதண்டராமன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நம்ம காலேஜ்ல பிசிக்ஸுக்கு ஒரு இடம் காலியாவே கெடக்குது. உங்களுக்குக் கீழ வேலை செஞ்ச பசங்க யாராச்சும் இருந்தா அனுப்புங்க. உங்களையே கூப்ட்டா ஊரே என்னைப் பாத்து சிரிக்கும்."

கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தான். "பாக்கறேன் சார்" என்றான். கதவிடுக்கில் நின்றிருந்த எனக்கு நைனாவின் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்காலின் கட்டைவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பிரின்சிபாலின் ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. உதைத்து உதைத்துப் பார்த்தார். அண்ணன் இறங்கிப் போய்த் தள்ளினான். நைனா தட்டை வைத்துவிட்டு ஓடி, மறுபக்கம் கை கொடுத்தார். ஒருவரையொருவர் பாராமல் தெருச் சரிவில் தள்ளிக்கொண்டே போனார்கள். சால்வை நழுவி மண்ணில் இழுபட்டது. வண்டி சட்டென்று உயிர்பெற்றுச் சீறிக்கொண்டு போனது. புகைக்குள் இருவரும், நீட்டிய கைகளை மடக்காமல் நின்றார்கள்.