கலீம் நிரப்பாத படிவம்

கலீமுக்கும் சம்ரீனுக்கும் கல்யாணமாகி நாலு வருஷம். பாலக்கரையில் மாடி வீடு. அவனுக்கு அரியமங்கலத்தில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை, அவளுக்கு ஸ்கூலில் கணக்கு டீச்சர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் விக்டர் என்பவரிடம் இருவரும் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டார்கள். அந்தமானுக்குப் போய் இருவரும் சேர்ந்தே கடலுக்குள் இறங்க வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை. இந்த ஜனவரிக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று.

போவதற்கு முன்னால் நைட்ராக்ஸ் கோர்ஸையும் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தவள் சம்ரீன்தான். சிலிண்டரில் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜன் கூடுதலான காற்றை அடைத்துக்கொண்டு இறங்கினால் உடம்பில் நைட்ரஜன் குறைவாகச் சேரும். அடியில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு, ஒரு நாள் பாண்டிச்சேரி போய்ப் பரீட்சை எழுதினால் போதும். ஆனால் ஜோடியாக இறங்குகிறவர்கள் ஜோடியாகத்தான் ஏற வேண்டும் என்பதால், ஒருத்தர் மட்டும் படித்துப் பிரயோஜனமில்லை.

கலீம் பிடிகொடுக்கவே இல்லை. நமக்கு எதற்கு அது, காற்றே போதும் என்றான். இன்னொரு நாள் பட்டறையில் வேலை நெருக்குகிறது என்றான். உண்மையான காரணம் வேறு.

எட்டு மாதத்துக்கு முன்னால், சம்ரீன் விடைத்தாள் திருத்தத் துறையூர் போயிருந்த ஒரு மதியம், பட்டறையில் அவனுக்கு வலிப்பு வந்தது. கண் திறந்தபோது தரையில் கிடந்தான். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். பட்டறையில் வேலை செய்யும் தங்கையன் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தன் துண்டைக் கொடுத்திருந்தார். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார். மாத்திரை பட்டறை மேஜைக்குள் போயிற்று. முதுகுவலி என்று சொல்லி ஸ்கூட்டரின் பின்சீட்டுக்கு மாறிக்கொண்டான். யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்று தங்கையனைக் கேட்டுக்கொண்டான்.

ஒரே ஒரு தடவை வந்தது, அதற்கப்புறம் வரவில்லை, ஒருவாரம் கடலில் இறங்கினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தான். ஆனால் நைட்ராக்ஸ் கோர்ஸுக்குப் புதிதாக மருத்துவப் படிவம் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று டிக் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. உண்மையைச் சொல்லாமல் இருப்பது ஒன்று, கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்வது வேறு என்று அவனுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது சம்ரீன் கூடத்தில் உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நைட்ராக்ஸோடு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜனே விஷமாகும். எந்த அறிகுறியும் இல்லாமல் வலிப்பு வரலாம். வாயிலிருக்கிற குழாய் நழுவி ஆள் மூழ்கிப்போகலாம்.

"அப்படி உங்களுக்கு ஆச்சுன்னா நான் என்னங்க பண்றது?" என்று கேட்டுவிட்டு அவளே சொன்னாள். "என்ன ஆனாலும் விட்டுட்டு மேல வரமாட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பக்கத்தைத் தள்ளி மேலே படிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். கலீம் அவள் எதிரே உட்கார்ந்தான். இத்தனை நாள் பணயம் வைத்தது தன் உயிரை மட்டும் என்று நினைத்திருந்தான்.

"சம்ரீன், அந்தப் படிவத்துல நான் ஆமான்னு எழுதணும்," என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். முடித்ததும் அவள் யார் யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டாள். தங்கையனுக்கு என்றான்.

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அதோடு எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் ஸ்கூலுக்கு லீவு போட்டு, தானே அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். தண்ணீர் என்ற பேச்சே வேண்டாம், மாத்திரை முடிந்து பல வருஷம் போகட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டில் சாப்பாடு, மருந்து, சாவி இவற்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று கலீம் கேட்டான்.

"வேணாம். நான் இறங்குறேன். விக்டர்கிட்ட பேசிட்டேன், அங்க என்கூட இறங்க ஒரு ஜோடி பாத்துத் தரேன்னாங்க. கோர்ஸும் முடிக்கிறேன். நீங்க படகுல இருங்க."

கோபத்தில் சொல்கிறாளா, ஆசையை விட மனமில்லாமல் சொல்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கிற உரிமை தனக்கில்லை என்று விட்டுவிட்டான். பாண்டிச்சேரி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு, அவள் பாஸாகி வந்த அன்று பிரியாணி வாங்கி வைத்தான்.

அந்தமானில் முதல் நாள் அவள் படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து கடலுக்குள் போனாள். குமிழிகள் கொஞ்ச தூரம் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. அவனால் செய்ய முடிந்தது அல்லாஹ்விடம் துஆ கேட்பது ஒன்றுதான். ஐம்பது நிமிஷத்துக்குப் பிறகு அவள் தலை தெரிந்தபோது எழுந்து நின்றுகொண்டான். படகுக்காரர் அவளை ஏற்றிவிட்டார்.

ஈரத்தோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாறைக்கடியில் ஒரு ஆமை தூங்கிக்கொண்டிருந்ததாம்.

"பக்கத்துல நீங்க இருக்கீங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேங்க," என்றாள். அவன் தோளில் சாய்ந்து, வெகுநேரம் அழுதாள்.