ஒன்பதால் சரிபார்த்த எண்

பத்திரிகைக்கு அனுப்பும் கடிதத்தை ஒட்டப்போன எடெல்காவின் கை அப்படியே நின்றது.

எதிரே கணக்குப் பத்திரிகை. அதில் அச்சான ஒன்பது இலக்க எண், அறுபத்தோரு கோடிச் சொச்சம். அது பகா எண்ணா, வகுபடுமா? வாசகர்களுக்குச் சவால்; சரியாகச் சொன்னால் பரிசு. பக்கத்தில், பொடி எழுத்து தெரியாத தம்பி கால்மானுக்காக அவளே பெரிதாக எழுதிக்கொடுத்த அட்டை.

பத்திரிகையில் நடுவே 47. அட்டையில் 74.

ஒன்பது மாதம்! தினமும் பத்துப் பகா எண்களால் அட்டையிலிருந்த எண்ணை வகுத்தான் கால்மான். விடை சரியா என்று ஒவ்வொரு முறையும் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகக் கழித்து, வந்த மீதியைப் பத்திரிகை எண்ணுக்கு முதலிலேயே கண்டுவைத்த மீதியோடு ஒப்பிட்டார்கள். இரண்டு இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறுமா? மாறாது. சோதனை ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

"நெஞ்சு மோசமா இருக்கு. நல்ல காத்துக்கு உடனே மாத்ரா மலைக்குப் போங்க" என்று டாக்டர் சொன்னபோதும், "எண் முடியட்டும்" என்று இருமிக்கொண்டே கணக்கு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினான். நேற்றுத்தான் "பகா எண்" என்று தீர்ப்பு எழுதினான். இப்போது டெப்ரெட்சன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இனி மலை ஏற்றிப் பயனில்லையாம்.

எடெல்கா சரியான எண்ணை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள், 1217-ல், மீதி பூஜ்யம்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"என்னக்கா, பரிசை வாங்கிட்டு ஓடி வந்த மாதிரி இரைக்குது?"

"கால்மான்... அட்டையில நான் தப்பா எழுதிட்டேன்டா. அது பகா எண் இல்ல."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது. "எதுல விழுந்துச்சு?"

"ஆயிரத்து இருநூத்திப் பதினேழு."

"ஒன்பதால சரிபார்த்தியா?"

"இலக்கம் இலக்கமா பார்த்தேன். ரெண்டு தடவை."

கண்ணை மூடி விரல்விட்டு எண்ணினான். "நூத்தித் தொண்ணூத்தொன்பதாவது பகா எண். ஒரு நாளைக்குப் பத்து. இருபதாவது நாளே முடிஞ்சிருக்கும், இல்ல?"

ஆமென்று எடெல்கா தலையசைத்தாள்.

"செப்டம்பர் கடைசி. அப்பவே மலைக்கு ரயில் ஏறியிருக்கலாம்," என்றான், யாரோ ஒருவனின் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவன் போல.

திட்டியிருந்தால் தேவலை. அவன் திட்டவில்லை. "கடிதத்தை மாத்தி எழுது. 1217-ஐப் பெரிசா எழுது, அவங்க கண்ணுலயாவது படட்டும்."

எடெல்கா எழுதினாள். ஒவ்வொரு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னான். பாதியிலேயே தூங்கிப்போனான்.

வியாழக்கிழமை கடிதம் தபாலில் போனது. அதே மாலை அவனும் போனான்.