பாக்குக் கம்பெனி கோப்பை

பேரையூர்ப் பக்கத்துக் கபடி டீம்களில் நல்லகாமனுக்குத் தனிப் பெயர் இருந்தது. மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். 1997 பொங்கலுக்கு மதுரையிலிருந்து ஒரு பாக்குக் கம்பெனி ஏஜென்ட் வந்தார். கம்பெனிப் பெயர் போட்ட பனியனும் வெற்றிக் கோப்பையும் கொடுத்தார். புகையிலைப் பாக்குப் பொட்டலங்களைக் கூட்டத்துக்குள் இலவசமாக வீசினார்கள். கேப்டன் என்கிற முறையில் இதற்குச் சம்மதித்தவன் நல்லகாமன்தான். அன்றைக்கு வாயில் ஒரு பொட்டலம் போட்டான். ஒரே வருஷத்தில் தினம் பதினைந்து ஆனது.

மூன்றாம் வருஷம் காரம் பட்டாலே வாய் எரிந்தது. பிறகு சோற்றை உருட்டி உள்ளே வைக்க முடியவில்லை. திருமங்கலம் போட்டியில் அவன் பாடியது யாருக்கும் விளங்கவில்லை. நடுவர் அவுட் கொடுத்துவிட்டார்.

மனைவி சின்னத்தாய் அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பல் டாக்டரம்மா மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வைக்கச் சொன்னார். ஒன்றுதான் போனது.

"கன்னத்துக்குள்ள தோல் இறுகிப்போச்சு. இப்பவே விட்டா மேல போகாம பார்க்கலாம். விடலேன்னா புற்றுநோய்ல கொண்டுபோய் விட்ரும்."

பஸ்ஸில் சின்னத்தாய் அவன் சட்டைப் பையிலிருந்த பொட்டலங்களை எடுத்துக் கிழித்து ஜன்னல் வழியே கொட்டினாள். அவன் தடுக்கவில்லை. பாக்கை விட்டதில் ஒரு வாரம் தலைவலியோடு கிடந்தான்.

அடுத்த பொங்கலுக்கு ஏஜென்ட் மறுபடி வந்தார்.

"இந்தத் தடவ கப்பு பெருசு, தம்பி."

"வேணாம்ணே." நல்லகாமன் முடிந்த மட்டும் வாயைத் திறந்து காட்டினான். "இம்புட்டுத்தான் தொறக்குது. நீங்க வீசுனத பொறுக்குனது பூராம் பள்ளிக்கூடத்துப் பயலுக."

இப்போது டீமிலேயே நல்ல ஆட்டக்காரன் மொக்கையன். அவனுக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு ஒத்துக்கிடலன்னா எங்களுக்கும் வேணாமா மாப்ள?"

"நான் சரின்னு சொன்னதாலதான அன்னைக்கு வந்தாக. இப்ப நான்தான் வேணாங்கணும்."

ஏஜென்ட் பக்கத்து ஊருக்குப் போனார். மொக்கையனும் அந்த ஊர் டீமில் சேர்ந்துகொண்டான். இங்கே பித்தளை அண்டாவைப் பரிசாக வைத்துப் போட்டி நடத்தினார்கள். நல்லகாமன் ஆடவில்லை, மைக் பிடித்து ஆட்டத்தைச் சொல்லவும் பேச்சுத் தெளியவில்லை. டாக்டரம்மா சொன்ன வாய்ப் பயிற்சியை விடாமல் செய்ததில் வாய்க்குள் இரண்டாவது விரலும் பாதி போனது.

சித்திரையில் மொக்கையன் வீட்டுக்கு வந்தான். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"சூடா எதுவும் வாயில வைக்க முடியல மாப்ள. அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாக?"

"காலைல போவோம்" என்றான் நல்லகாமன்.